யார் சொன்ன நூல்? சதுரங்க ஆர்வலரிடையே நூற்பரிந்துரையும் சென்னை அனுபவமும்

கேள்வி

அமெரிக்காவின் கிளீவ்லாந்து பொது நூலகத்தில் ஜான் ஜி. வைட் தொகுப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. சதுரங்கத்தையும் அதற்கு உறவான பலகை ஆட்டங்களையும் பற்றி அங்கே 30,000க்கும் மேற்பட்ட நூல்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க வேறு வேலை பார்க்காமல் படித்தாலும் இவற்றில் ஒரு மூலையைத்தான் கடந்திருப்பார். அலுவலகம் முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் ஆடக் கிடைக்கும் ஆர்வலருக்கு வாழ்நாளில் உருப்படியாகப் படிக்க வாய்ப்பது பத்துப் பதினைந்து நூல்கள். எந்தப் பத்து என்பதைப் பெரும்பாலும் அவர் தாமாக முடிவு செய்வதில்லை. முன்னால் படித்த இன்னொருவர் சொல்கிறார், இவர் வாங்குகிறார்.

இந்தச் சொல்லலில் கைமாறுவது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நூலின் பெயர் மட்டுமா, அல்லது அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறொன்றா? இதற்குச் சென்னை நல்ல களம். இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்த வளர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் நூல்களுக்கு முக்கியமான இடம் உண்டு. அந்தக் காரணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்ப்பது, பரிந்துரை என்ற செயலையே புரிந்துகொள்ள உதவும்.

வழக்கமான விளக்கம்

சென்னையின் செஸ் வரலாறு பலமுறை சொல்லப்பட்டதுதான். மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசிய வாகையர். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வாகையர் மாக்ஸ் யூவேயை வென்றவர். அவருடைய முயற்சியில் 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயில் தால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கியது. பலகை, காய்கள், கடிகாரம், சோவியத் நூல்கள், இதழ்கள் எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன. அங்கே விளையாடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இந்த வரிசையை அடுக்கிவிட்டு, "சோவியத் நூல்கள் வந்தன, சென்னை வளர்ந்தது" என்று முடிப்பார்கள்.

வரிசையில் பிழையில்லை. ஆனால் அது காரணத்தை விளக்கவில்லை. சோவியத் நூல்கள் எழுபதுகளில் சென்னைக்கு மட்டும் வரவில்லை. மலிவு விலை ரஷ்ய நூல்கள் தமிழ்நாட்டின் சிறு ஊர்களுக்கும், இந்தியாவின் பெரு நகரங்கள் அனைத்துக்கும் போயின. நூல் போன இடமெல்லாம் ஆட்டம் வளரவில்லை. நூலோடு வேறெதுவோ சேர்ந்த இடத்தில்தான் வளர்ந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், நூலே தேவையில்லை என்பதற்குச் சான்றாக மீர் சுல்தான் கானைக் காட்டுவார்கள். பஞ்சாபைச் சேர்ந்த அவர், சிப்பாய் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் பாயாத பழைய இந்திய விதிகளில் ஆடப் பழகியவர். இங்கிலாந்து போய் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வாகையர் ஆனார். ஐரோப்பியத் தொடக்க ஆட்ட நூல்களின் துணையில்லாமல் வென்ற மேதை என்ற சித்திரம் அவரைச் சுற்றி உருவாகியிருக்கிறது. இதை அப்படியே ஏற்பதற்கில்லை. எழுத்தறிவற்ற வேலையாளாக அவரைக் காட்டும் வழக்கத்தை அவர் குடும்பத்தாரே மறுத்திருக்கிறார்கள். அப்படியே நூல் படிக்காதிருந்தாலும், இங்கிலாந்தில் அவர் இருந்த ஆண்டுகளில் உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலரோடு நேருக்கு நேர் அமர்ந்தார். நூல்கள் சொல்லக்கூடியதை அவர்களிடமிருந்து பலகை வழியே பெற்றிருக்க முடியும். ஆகவே சுல்தான் கானின் கதை நூலுக்கு எதிரான சான்றாகாது. நூலில் இருப்பது மனிதர்கள் வழியாகவும் வரலாம் என்பதற்குத்தான் அது சான்று.

அறையும் நூலும்

தால் கிளப்பில் ஆனந்த் சிறுவனாக ஆடிய விதத்தை அவரே பேட்டிகளில் விவரித்திருக்கிறார். பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டம், வென்றவர் பலகையில் தொடர்வார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எழுந்திருக்காமல் இருப்பதற்காகவே வேகமாக யோசிக்கக் கற்றதாகச் சொல்லப்படும் பகுதியைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வரிசையில் காத்திருக்கும் நேரம். காத்திருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. அடுத்தவர் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். ஆடி முடித்த நிலையை மறுபடி அடுக்கி, "இந்த இடத்தில் குதிரையை இங்கே வைத்திருந்தால்?" என்று கேட்கிறார்கள். இன்னொருவர், "இது போன வருஷ இன்ஃபார்மேட்டர்ல வந்திருக்கு" என்கிறார். செஸ் கிளப்புகளில் நூற்பரிந்துரை பெரும்பாலும் இந்த வடிவில்தான் நடக்கிறது. பலகையில் ஒரு சிக்கல் நிற்கும்போது அதற்கு விடையாக ஒரு நூல் வந்து சேர்கிறது.

அந்தக் காலத்து நூல்களின் தன்மையையும் இங்கே கருத வேண்டும். ஆங்கிலச் செஸ் நூல்கள் எழுபதுகளின் இறுதி வரை பெரும்பாலும் பழைய விவரணைக் குறியீட்டில்தான் அச்சாயின. அதில் ஒரே கட்டத்துக்கு வெள்ளையின் பார்வையில் ஒரு பெயர், கறுப்பின் பார்வையில் இன்னொரு பெயர். சோவியத் நூல்கள் இயற்கணிதக் குறியீட்டைப் பயன்படுத்தின. ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1981இல்தான் இதை மட்டுமே ஏற்கத்தக்க குறியீடாக்கியது. ரஷ்ய மொழி தெரியாத ஒருவர் ரஷ்யச் செஸ் நூலைப் படிக்க, ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை ஆகிய ஐந்து காய்களின் ரஷ்யச் சுருக்கங்களைத் தெரிந்துகொண்டால் போதும். பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வந்த 'செஸ் இன்ஃபார்மேட்டர்' அதையும் எளிதாக்கியது. காய்களுக்குப் படங்கள், மதிப்பீடுகளுக்கு மொழி கடந்த குறிகள், தொடக்க ஆட்டங்களுக்கு ஐந்து பிரிவுகளில் 500 குறியெண்கள். அதில் சொற்களே இல்லை.

இதிலிருந்து ஓர் ஊகத்தை முன்வைக்கிறேன். இந்த நூல்களில் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது, விளக்கம் தெரியவில்லை. ரஷ்ய நூலில் விளக்கம் வாசகருக்குப் புரியாத மொழியில் இருந்தது. இன்ஃபார்மேட்டரிலோ விளக்கமே இல்லை, வெள்ளைக்குச் சாதகம் என்று ஒரு குறி மட்டும் இருந்தது. ஏன் சாதகம் என்பதை வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாதபோது கிளப்புக்கு எடுத்து வந்து கேட்க வேண்டும். நூலில் இல்லாத உரையைக் கூட்டம் எழுதியது. நூல்கள் அரைகுறையாகப் புரிந்ததே அவற்றை மனிதர்களிடையே புழங்க வைத்தது என்று நினைக்கிறேன். முழுக்கப் புரியும் நூலை எவரிடமும் கொண்டுபோக வேண்டிய தேவை வருவதில்லை.

தனிப்படிப்பும் கூட்டமும்: ஆய்வுகள்

இந்த ஊகத்துக்கு வலுவான எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. உளவியலாளர் நீல் சார்னஸும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, போட்டி ஆட்டக்காரர்களின் திறனை எது அதிகமாகக் கணிக்கிறது என்று பார்த்தது. தனியாக உட்கார்ந்து தீவிரமாகப் படித்த மணிநேரமே முதலிடம் பெற்றது. போட்டிகளில் ஆடிய நேரம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இது உண்மையென்றால் கிளப் அறையின் பேச்சுக்கு நான் தரும் முக்கியத்துவம் மிகையாகிவிடும்.

ஃபெர்னாண்ட் கோபேயும் கியெர்மோ கம்பிதெல்லியும் 2007இல் அர்ஜென்டினாவின் 104 ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வு படத்தைச் சற்று மாற்றுகிறது. தனிப்பயிற்சிக்கு மட்டுமன்றிக் கூட்டுப் பயிற்சிக்கும் திறனோடு வலுவான தொடர்பு இருப்பதாக அது காட்டியது. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு நூற்பரிந்துரைக்கு நேரடியாகப் பொருந்துவது. மாஸ்டர் நிலையை எட்ட மிக மெதுவானவருக்குத் தேவைப்பட்ட பயிற்சி, மிக வேகமானவருக்குத் தேவைப்பட்டதைப்போல் எட்டு மடங்கு. ஒரே நூலை ஒரே அக்கறையோடு படிக்கும் இருவரிடம் அது ஒரே விளைவைத் தரும் என்று எதிர்பார்க்க இந்த எண்ணுக்குப் பிறகு இடமில்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. சார்னஸின் கேள்வி எத்தனை மணி நேரம் என்பது. அந்த மணி நேரத்தில் என்ன படிக்கப்பட்டது, அதை யார் தேர்ந்தார்கள் என்பது அவருடைய அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது. படிப்பு தனியாக நடக்கலாம்; எதைப் படிப்பது என்ற தேர்வு ஏற்கெனவே கூட்டத்தில் நடந்து முடிந்திருக்கும். ஆனந்தின் இளமையிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. தந்தையின் பணி நிமித்தம் மணிலாவில் இருந்தபோது, தொலைக்காட்சியில் பகலில் வந்த செஸ் புதிர்களைத் தாய் சுசீலா குறித்து வைப்பார். பள்ளி விட்டு வந்ததும் மகன் விடை காண்பான். பரிசு, செஸ் நூல்கள். தொடர்ந்து வென்றதால், நூலகத்திலிருந்து வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள் என்று ஆனந்த் சொல்லியிருக்கிறார். அங்கே பரிந்துரைப்பவர் இல்லை, அலமாரிதான் இருந்தது. எட்டு மடங்கு வேகத்தில் கற்பவருக்கு அலமாரி போதும். மற்றவர்களுக்கு அலமாரிக்கு முன்னால் ஒரு மனிதர் நிற்க வேண்டியிருக்கிறது.

நிலைத்த பெயர்களும் பழுதான அறிவுரைகளும்

ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்கு மாறாமல் இருக்கிறது. நிம்ஸோவிச்சின் 'என் முறை' 1925இல் வெளிவரத் தொடங்கியது. டேவிட் பிரான்ஸ்டைன், 1953 சூரிச் போட்டியைப் பற்றி எழுதிய நூல் ரஷ்ய மொழியில் 1956இல் வந்தது. ஃபிஷரின் 'நினைவில் நிற்கும் என் 60 ஆட்டங்கள்' 1969. கோட்டோவ் எழுதி 1971இல் ஆங்கிலத்தில் 'கிராண்ட்மாஸ்டரைப்போல் சிந்தியுங்கள்' என்ற தலைப்பில் வந்த நூல். ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு கடந்தும் புதிதாக வரும் ஆர்வலரிடம் இவைதான் முதலில் நீட்டப்படுகின்றன. இந்த நிலைத்தன்மை தரத்தின் சான்றா, பழக்கத்தின் சான்றா என்று கேட்டாக வேண்டும்.

கோட்டோவை எடுத்துக்கொள்வோம். பரிசீலிக்கத் தகுந்த நகர்வுகளை முதலில் பட்டியலிடு. ஒவ்வொன்றின் கிளைகளையும் வரிசையாகக் கணக்கிடு. ஒரு கிளையை ஒருமுறை மட்டும் பார், திரும்பிப் போகாதே. இதுதான் அவர் வகுத்த ஒழுங்கு. படிக்கும்போது மிகவும் நியாயமாகத் தோன்றும். ஆனால் டச்சு உளவியலாளர் ஆட்ரியான் டி குரூட், 1938 ஆவ்ரோ போட்டிக்கு வந்த பெரும் ஆட்டக்காரர்கள் உள்ளிட்ட பலரை வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்லிப் பதிவு செய்து, 1946இலேயே நூலாக்கிவிட்டார். அவர் கண்டது நேர்மாறானது. மாஸ்டர்கள் அதே நகர்வுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வரும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகப் பார்க்கிறார்கள். கோட்டோவின் நூலுக்குக் கால் நூற்றாண்டு முன்னரே வந்த முடிவு இது. பின்னர் ஜொனாதன் டிஸ்டால் போன்ற கிராண்ட்மாஸ்டர்களும் கோட்டோவின் முறையை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று விமர்சித்தார்கள். அதன்பிறகும் பரிந்துரை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? பரிந்துரைப்பவர் தம் இளமையில் அந்த நூலைப் படித்தார். அந்த ஆண்டுகளில் அவர் ஆட்டம் வேகமாக முன்னேறியது. இரண்டையும் மனம் முடிச்சுப் போட்டுக்கொண்டது. இளமையில் தினமும் ஆடியதும், தோற்றதும், கூட்டாளிகளோடு விவாதித்ததும் அந்த முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு வகித்தன என்று பிரித்துப் பார்க்க அவரிடம் வழியில்லை. நூல் கையில் தொட்டுக் காட்டக்கூடிய பொருள் என்பதால் புகழ் அதற்குப் போகிறது. சென்னை வளர்ந்ததற்குச் சோவியத் நூல்களே காரணம் என்ற விளக்கத்திலும் இதே மனப்போக்கு ஊர் அளவுக்குப் பெருகித் தெரிகிறது.

ஆனால் பழைய நூல் பழுதானது என்று ஒதுக்கிவிடுவதும் சரியாகாது. ஜான் வாட்சன் 1998இல் எழுதிய நவீன வியூகம் பற்றிய நூல், நிம்ஸோவிச்சுக்குப் பிறகு ஆட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று விரிவாகக் காட்டுகிறது. பொது விதிகளை விடக் குறிப்பிட்ட நிலையின் கணக்கே மேலோங்கிவிட்டது என்பது அவர் வாதம். நிம்ஸோவிச்சை ஆழமாகப் படித்தவருக்குத்தான் வாட்சன் முழுமையாகப் புரிவார். நல்ல பரிந்துரையாளர், "நிம்ஸோவிச்சைப் படி, இரண்டு வருஷம் கழித்து வாட்சனைப் படி, அப்போது இதில் பாதியை விட்டுவிடு" என்பார். இந்த மூன்று பகுதிகளில் முதல் பகுதி மட்டும்தான் பட்டியல்களில் ஏறுகிறது.

ஃபிஷர் நூலின் கதை இன்னும் நுணுக்கமானது. அதன் பெருமைகளில் ஒன்று, தாம் தோற்ற ஆட்டங்களையும் ஃபிஷர் அதில் சேர்த்தது. பேட்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 1995இல் குறியீட்டை மாற்றி மறுபதிப்பு வெளியிட்டபோது, ஆசிரியர் இசைவின்றி உரையிலும் மாற்றங்கள் நுழைந்தன. ஃபிஷர் வெகுண்டு கண்டித்தார். 2008இல் அதே பதிப்பகம் மூல உரைக்குத் திரும்பிய பதிப்பைக் கொண்டுவந்தது. பழைய புத்தகக் கடையில் இந்நூலைத் தேடும் இளைஞருக்குத் தலைப்பை மட்டும் சொன்னால் பாதி உதவிதான் செய்திருக்கிறோம். 1995 பதிப்பா, 2008 பதிப்பா, அல்லது விவரணைக் குறியீட்டில் உள்ள முதற்பதிப்பா என்பதையும் சேர்த்துச் சொல்லக் கையில் வைத்துப் படித்த ஒருவர் வேண்டும்.

நிலை அறிந்து சொல்லுதல்

ஆளுக்கேற்பப் பரிந்துரைக்க வேண்டும் என்பதைச் சில ஆசிரியர்கள் நூலின் அமைப்புக்குள்ளேயே கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். ஜெரெமி சில்மன் 2007இல் வெளியிட்ட முடிவாட்டப் பாடநூல் தரவரிசைப் புள்ளிகளின்படி பிரிக்கப்பட்டது. உன் நிலைக்குரிய பகுதியோடு நிறுத்து, மேலே ஏறிய பிறகு மீதியைப் படி என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஆர்தர் யூசுபோவின் ஒன்பது பாக வரிசை மூன்று படிகளாக நிற்கிறது. இவை பயனுள்ள முயற்சிகள். ஆனாலும் ஒருவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதைத் தரவரிசை எண் சொல்லாது. ஒரே 1500 புள்ளியில் ஒருவர் முடிவாட்டம் தெரியாமலும், இன்னொருவர் நேர நெருக்கடியில் கலங்கியும் நிற்கலாம். எதிரே உட்கார்ந்து ஆடியவருக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே அது தெரிந்துவிடும்.

படிக்காதே என்பதும் பரிந்துரையின் ஒரு வகைதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக வாகையரான குகேஷ், இளம் வயதில் நெடுங்காலம் கணினி எஞ்சினைப் பயன்படுத்தாமலே பயிற்சி பெற்றார். அப்படிப் பழக்கியவர் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எஞ்சின் எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில் அதை விலக்கி வைக்கச் சொல்ல, மாணவனின் மனத்தை நெருங்கி அறிந்திருக்க வேண்டும். ஒரு பொதுப் பட்டியல் இந்த அறிவுரையைத் தர முடியாது; தந்தால் பலருக்கு அது தவறான அறிவுரையாகிவிடும்.

மொழியும் எட்டாத இடங்களும்

மேலே குறிப்பிட்ட நூல்களில் ஒன்றுகூடத் தமிழ் நூல் இல்லை என்பதை வாசகர் கவனித்திருப்பார். ஆர். பி. ரமேஷ் போன்ற சென்னைப் பயிற்சியாளர்களே தம் முறைகளை ஆங்கிலத்தில்தான் நூலாக்கியிருக்கிறார்கள். கணக்கீட்டுத் திறன் பற்றி அவர் 2022இல் எழுதிய நூலுக்கு உலகெங்கும் வாசகர்கள் உண்டு. மானுவல் ஆரோனும் விஜய் பண்டிட்டும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட இந்தியச் செஸ் வரலாறும் ஆங்கிலத்திலேயே உள்ளது. கிராண்ட்மாஸ்டர்களை இவ்வளவு பேரைத் தந்த ஒரு மொழிச் சமூகத்தில், ஆட்டத்தின் அறிவு தமிழில் பெரும்பாலும் வாய்மொழியாகவே புழங்குகிறது. ஆங்கில நூலைப் படித்த மூத்தவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து தமிழில் விளக்குகிறார். பரிந்துரை இங்கே மொழிபெயர்ப்பு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதைச் செய்கிறவர்களின் உழைப்பு எந்த வரலாற்றிலும் பதிவாகவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வாய்மொழி என்றால் அருகில் இருப்பவருக்குத்தான் கிடைக்கும். சென்னைக் கிளப் அறைக்குப் பக்கத்தில் வீடு இருந்தவருக்கும், மாலையில் தனியாக அங்கே போய்வர அனுமதி இருந்தவருக்கும் அது கிடைத்தது. பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த அனுமதி இருந்திருக்கும்? 2001இல் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்ற சென்னையின் எஸ். விஜயலட்சுமிக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அவர் தந்தை. தங்கைகள் மீனாட்சியும் பானுப்பிரியாவும் ஆட்டக்காரர்கள். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு கிளப் இருந்தது என்று சொல்லலாம். அப்படியொரு குடும்பம் வாய்க்காத பெண்களுக்கும், விருத்தாசலத்திலோ பரமக்குடியிலோ இருந்த ஆர்வலர்களுக்கும் நூல் மட்டும் போயிருக்கும். கூடச் சேர்ந்து போக வேண்டிய பேச்சு போயிருக்காது.

இந்தக் கட்டுரையின் ஊகம் சரியா என்று சோதிக்க வழி இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னைக் கிளப்புகளில் ஆடியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பட்டம் பெற்றவர்களை எல்லோரும் பேட்டி காண்கிறார்கள். பட்டம் பெறாமல், வேலைக்குப் போய்க்கொண்டே நாற்பது ஆண்டுகள் ஆடிய ஆர்வலர்களை யாரும் கேட்பதில்லை. எந்த நூலை யார் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார், எந்தப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார், அதை அவர்கள் அடுத்து யாரிடம் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிய வேண்டும். கிளப் நூலகங்களிலும் வீட்டு அலமாரிகளிலும் எஞ்சியிருக்கும் இன்ஃபார்மேட்டர்களின் ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்குமானால், எடைக்குப் போகுமுன் அவற்றைப் படியெடுக்க வேண்டும். அச்சிட்ட குறிகளுக்கு ஆர்வலர்கள் எழுதிய உரை எப்படி இருந்தது, எத்தனை கைகள் அதை எழுதின என்பதை அந்த ஓரங்களில்தான் சரிபார்க்க முடியும்.